கடனாவின் கேள்விக்கு இரண்டு நிமிடம்

நாள் 212, காலை 08:10
முகட்டு நிலையம், செவ்வாய். பதிவு செய்பவர்: ஜெசிந்தா சவரிமுத்து, ஒளிபரப்புப் பொறியாளர்.
உள் அழுத்தம் சீர். மின்கலம் 94 சதவீதம். புழுதிப் புயல் நான்காம் நாள். சூரியத் தகடுகளை இருமுறை துடைத்தேன். பொருநை, வைப்பாறு, கடனா மூன்று ஊர்களுக்கும் இந்தக் கோபுரம் வழியாகத்தான் இணைப்பு. மூன்றும் தெளிவு. நாளை மறுநாள் மாலை அதிபர் வேட்பாளர்களின் இரண்டாம் விவாதம். மைக் சோதனை முடிந்தது.

நாள் 212, மதியம் 13:40
நான் ஏன் இங்கே தனியாக இருக்கிறேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.
முதல் விவாதம் தொண்ணூறு நிமிடம் நடந்தது. அதில் எழுபது நிமிடம் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதன் பிறகு விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதில் நானும் இருந்தேன். மூன்று விதிகள் கொடுத்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் மூடியிருக்க வேண்டும். பதில் வராத கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். பதிலுக்குக் கீழே அது சம்பந்தமான கருவி அளவு பத்து வினாடி திரையில் தெரிய வேண்டும்.
முதல் விதியை இரு கட்சிகளும் ஏற்றன. மற்ற இரண்டையும் சேர்ந்தே அடித்துவிட்டன. அந்தக் கட்சிகள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.
மைக் பொத்தானை எதிர்த்தரப்பு ஆள் கையில் கொடுக்க இரு தரப்புக்கும் மனமில்லை. அதனால் ஊர் எல்லைக்கு வெளியே, இந்த முகட்டில், நான். ஒளிபரப்பை நிறுத்தப் பொருநையிலிருந்து உத்தரவு வந்தால், ஐந்து நிமிடத்துக்குள் நிலையப் பொறுப்பாளர் கையால் மறுக்கலாம். மறுக்காவிட்டால் தானாக நின்றுவிடும்.

நாள் 213, காலை 10:25
கருவி அளவுகள் இந்தக் கோபுரம் வழியாகத்தான் பொருநைக்குப் போகின்றன. இணைப்பைச் சோதிக்கையில் கடனாவின் கூரை வளையம் கண்ணில் பட்டது. ஊரை மூடியிருக்கும் கூரையையும் தரையையும் பிணைத்து, உள்ளே காற்றைக் காக்கும் வளையம் அது. தாங்கு அளவு 31 சதவீதம்.
கடனா மக்கள் தங்கள் சதுக்கத்துத் திரையில் பார்ப்பது 64. பொருநையில் இருக்கும் ஏதோ ஒரு கணிப்பு நிரல், ஓராண்டின் சராசரியை எடுத்துத் திருப்பி அனுப்புகிறது.
இருபதுக்குக் கீழே போனால் ஊரைக் காலி செய்ய வேண்டும். கடனாவில் 2,140 பேர்.

நாள் 213, மதியம் 12:05
பொருநைக் கலையகத்துக்குச் சொன்னேன். நிகழ்ச்சி இயக்குநர் மைதீனின் பதில்:
"மேடம், நான் மேல சொல்லிட்டேன். ரெண்டு கட்சிக்கும் தெரியுமாம். தேர்தல் முடியட்டும்னு சொல்றாங்க. அதிபருக்கு, தன் ஆட்சியில இது நடந்துச்சுன்னு வரக்கூடாது. எதிர்த்து நிக்கிற ரெபேக்காம்மா தரப்புக்கு, ரெண்டாயிரம் பேர் வைப்பாறுக்குள்ள வந்தா அங்க ஓட்டு போயிரும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"
அளவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வளையம் 27.

நாள் 214, காலை 11:20
காற்றில் தகட்டுச் சட்டம் பெயர்ந்து நிலையத்தின் மேல் விழுந்தது. சூரிய மின்சாரம் இல்லை. கூரையில் விரிசல், பசை பூசியும் முழுசாக அடையவில்லை. மின்கலம் 61.
நானூறு மீட்டர் கீழே தஞ்சக் குகை இருக்கிறது. அங்கே காற்றும் சூடும் தனி. விவாதம் முடிந்ததும் போய்விடுவேன்.

நாள் 214, மாலை 16:00
விவாதம் ஆரம்பம். புயலால் வேட்பாளர்கள் அவரவர் ஊரில். அதிபர் அம்பலவாணன் பொருநையில், டாக்டர் ரெபேக்கா துரைராஜ் வைப்பாறில். மைக் விதி நன்றாக வேலை செய்கிறது. யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை. நாகரிகமாகப் பொய் சொல்கிறார்கள்.

16:34
கடனாவிலிருந்து கேள்வி. கேட்டவர் சொர்ணம், பாசித்தொட்டித் தொழிலாளி.
"அய்யா, அம்மா, ரெண்டு பேருக்கும் சேத்துதான் கேக்கேன். எங்கூரு வளையத்துக்குப் பக்கத்துல ராத்திரியும் பகலும் முனகுத சத்தம் கேக்கு. வளையம் தாங்குமா, தாங்காதா? ஒண்ணு சொல்லிருங்க, போதும்."
அதிபர் இரண்டு நிமிடம் பேசினார். கடனா மக்களின் உழைப்பு பற்றி. ரெபேக்கா இரண்டு நிமிடம் பேசினார். எதிர்காலத் திட்டம் பற்றி. விதிப்படி சொர்ணத்தின் மைக் மூடியிருந்தது. திரையில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போனார். வளையம் 19.

16:37
இரண்டு வேட்பாளர்களின் மைக்கையும் மூடினேன். சொர்ணத்தின் மைக்கைத் திறந்தேன். வளையத்தின் அசல் அளவை மூன்று ஊர்த் திரைகளிலும் முழுசாக ஏற்றினேன். பத்து வினாடிக்குப் பிறகும் எடுக்கவில்லை.
நடுநிலை என்று உறுதிமொழி எடுத்தவள் நான்.

16:39
சொர்ணம்: "இது நெசமா? யாரு போட்டது இத?"
நான்: "நிலையத்திலிருந்து பேசுகிறேன். இதுதான் உண்மையான அளவு. சுரங்கப் பாதை வழியாகக் கூரைக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போங்கள். இப்போதே."
சொர்ணம்: "எக்கா, சதுக்கத்துல நிக்கவங்க எல்லாம் உங்க நம்பரத்தான் பாக்காவ. அத மட்டும் அணைச்சிராதீங்க. அணைஞ்சா, எல்லாம் புரளின்னு திரும்பிருவாவ."

16:44
முதல் நிறுத்து உத்தரவு. மறுத்தேன்.
சுரங்கக் கதவில் ஒரு நேரத்தில் இருபது பேர்தான் போக முடியும். கணக்குப் போட்டேன்: இரண்டரை மணி நேரம். மூன்று ஊருக்கும் முழுத் திறனில் ஒளிபரப்ப மின்கலம் போதாது. சூடேற்றியை அணைத்தேன்.

17:02
மைதீன்: "மேடம், பக்கத்துல ஆள் நிக்கிறாங்க. நிறுத்துங்கன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்லிட்டேன்." பிறகு மெல்ல: "நிறுத்திராதீங்க."
அவருடைய இணைப்பு அத்தோடு துண்டிக்கப்பட்டது.
நிறுத்து உத்தரவு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றையும் கையால் மறுக்கிறேன். குகைக்குப் போக முடியாது. நான் எழுந்து போனால் பத்து நிமிடத்துக்குள் திரை அணையும்.

17:31
ரெபேக்கா தனி அலைவரிசையில் வந்தார்: "என்னைப் பேச விடுங்க. வைப்பாறு கதவைத் திறக்கச் சொல்றேன். தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கிறேன்."
அவர் மைக்கைத் திறந்தேன். முப்பது வினாடியில் சொன்னார். வாக்குக்காகவா, மனசாரவா, தெரியாது. கதவு திறந்தது. கிடங்கிலிருந்து மக்கள் வைப்பாறு நோக்கி நகர்கிறார்கள்.
அதிபரிடமும் பேசுகிறீர்களா என்று கேட்டேன். பதிலாக வந்தது இன்னொரு நிறுத்து உத்தரவு.
வளையம் 14. போனவர்கள் 780.

18:06
உள்ளே மைனஸ் 22. பாதுகாப்பு உடை போட்டிருக்கிறேன். கூரை விரிசல் வழியே உள் காற்று கசிந்துகொண்டிருக்கிறது. கையுறையோடு மறுப்புப் பொத்தானை அழுத்த முடியவில்லை. வலது கையுறையைக் கழற்றிவிட்டேன்.
சொர்ணம்: "பிள்ளைத்தாச்சிங்க, குழந்தைங்க எல்லாம் போயாச்சுக்கா. ஆயிரத்தி ஐநூறு தாண்டியாச்சு. நீங்க எங்க இருக்கீய? சூடா இருக்கா அங்க?"
இருக்கிறது என்றேன்.

18:29
வளையம் 8. விரல்களில் உணர்வு இல்லை. முழங்கையால் அழுத்துகிறேன், பதிவைக் குரலால் சொல்கிறேன். மின்கலம் 6.
இதைப் படிப்பவர்களுக்கு: விவாத விதிகளை நான் தப்பாக எழுதினேன். வேட்பாளர்கள் ஒழுங்காகப் பேசினால் போதும் என்று நினைத்தேன். கேள்வி கேட்டவளின் மைக்கை

18:34
உத்தரவு. மறுத்தேன்.
வளையம் 5. பொருநைக்கும் வைப்பாறுக்கும் படத்தை நிறுத்தினேன். எண் மட்டும் போகட்டும்.

18:41
சொர்ணம்: "எக்கா, இன்னும் நாப்பத்தி மூணு பேருதான். கதவுகிட்ட நின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன். முனகல் நின்னுட்டு. சத்தமே இல்ல. அது நல்லதா, கெட்டதா?"
நல்லது, வேகமாகப் போங்கள் என்றேன்.

18:44
வளையம் 0.
கடனாவின் எல்லாக் கருவிகளும் ஒன்றாக அணைந்தன.
கதவுக்கு எந்தப் பக்கம் நின்று எண்ணினார்? கேட்கவில்லை நான். கேட்டிருக்க வேண்டும்.

18:46
சொர்ணம், பேசுங்கள். மைக் திறந்துதான் இருக்கிறது.

18:49
உத்தரவு வந்திருக்கிறது. பூஜ்யத்தை எடுக்கச் சொல்கிறார்கள். மறுத்தேன்.

18:54
மறுத்தேன்.
சொர்ணம், மைக் திறந்து

18:59
மறு