ரெட்லிக்கியா கழற்றிய ஓடு

இன்று விடுதியில் நம் அறைச் சுவருக்குப் பூச்சு வேலை. கொத்தனார் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் குழைத்ததும் அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகியும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாய். என் டிபன் பாக்ஸில்தானே நீ அதைக் குழைத்தாய், மகராசி. வாரம் முழுக்கத் தேய்த்துக் கழுவினேன்.

நீ மணிமங்கலத்துக்காரி. நிலவியல் பட்டம் வாங்கியும் அதற்கு வேலை கிடைக்காமல் ஒரகடம் கம்பெனிக்கு வந்தவள். நான் தென்காசிப் பக்கத்து பிளஸ் டூ. பிளாஸ்டிக் பாகங்களில் கீறல், உடைசல் பார்த்து ஒதுக்கும் மேஜையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

கல்லூரியில் எடுத்துவைத்த ரப்பர் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, மறுநாள் உள்ளங்கை அளவில் ஒன்றைப் பெயர்த்து ஜன்னலில் வைத்தாய். மரவட்டைக்கும் நண்டுக்கும் பிறந்தது மாதிரி ஒரு பிராணி. பெயர் ரெட்லிக்கியா என்றாய். தரையில் ஒரு புல்கூட முளைக்காத காலத்தில் கடலடியில் ஊர்ந்ததாம். அசல் கல் இமயமலையில் கிடைத்ததாம்.

ஷிப்ட் முடித்து வந்த கண்ணுக்கு எதுவும் சோதிக்க வந்த பீஸ்தான். தலையின் இரண்டு ஓரமும் காணோம். சட்டைப்பையில் கிடந்த சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அதன் முதுகில் ஒட்டிவிட்டேன்.

“ஏட்டி, ரெண்டு பக்கமும் உடைஞ்சுல்லா கெடக்கு. ரிஜெக்ட்.”

நீ கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாய். “ஒடஞ்சது இல்லடி. வளர வளர ஓடு பத்தாது அதுக்கு. தலையில கோடு கீது பாரு, அங்க ரெண்டு கன்னமும் கயண்டுக்கும். அந்த வயியா வெளிய வந்து போய்க்கினே இருக்கும். இது பொணம் இல்ல, வுட்டுட்டுப் போன சட்டை.”

“அப்போ அது எங்கட்டி?”

“எங்கியோ பெரிசாயிக்கினு இருந்திருக்கும்.”

அப்புறம் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாய்: “வெளிய வந்ததும் ஒடம்பு மெத்துன்னு இருக்கும். எது வேணா கடிச்சுடலாம். அதுக்குத்தான் இதுங்க இனத்துல செலது கும்பலா சேந்து சட்டை கயட்டும்னு சொல்றாங்க.”

அந்த வாரமே தொலைநிலைப் படிப்புக்கு எனக்காக நீயே விண்ணப்பம் நிரப்பினாய். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனாய். திரும்பவில்லை. எட்டாம் நாள் உன் சாவுச் செய்திதான் வந்தது.

முதல் தேர்வுக்கு நான் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. உன் கட்டிலில் யாரும் படுக்கக் கூடாதென்று என் துணிகளைப் பரப்பிவைத்தேன். அறைப் பெண்கள் என்னிடம் பேசவே தயங்கினார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன மாதம், இந்த முறையும் எழுதாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று கடிதம் வந்தது. தேர்வு நாளோ ஞாயிறு, கட்டாய ஓவர்டைம். சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒனக்கு பதிலா ஆளு காமிச்சுட்டு போம்மா. இல்லாட்டி திங்கக்கெழம வர வேணாம்.”

ரிலீவர், அதாவது மாற்றாள், வந்து நிற்காமல் மேஜையை விட்டு நகரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு ரிலீவர் எப்போதும் நீதான். உனக்குப் பிறகு நான் ஒருத்தியிடமும் கேட்டதில்லை. கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமலே ஷிப்டை ஓட்டியிருக்கிறேன். அவ்வளவு வீம்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் கம்பெனியிலேயே வேறு ஷிப்ட் பார்க்கும் அறைப் பெண்கள் நான்கு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. விருதுநகர் செல்வி என்னையே பார்த்தாள். “இதக் கேக்க இம்புட்டு நாளாக்கா?” என்றாள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று காலண்டரில் பேர் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் உன் கட்டிலிலிருந்த துணிகளை எடுத்தேன். தரையில் படுத்துக்கொண்டிருந்த செல்வி இப்போது அதில் குறட்டை விடுகிறாள்.

தேர்வு தண்டலத்தில், ஒரு கல்லூரியில். வினாத்தாள் வரும்வரை உன்னையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்காகத்தான் எழுதப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் எழுத ஆரம்பித்தேன். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. மூன்று மணி நேரம் நீ என் நினைப்பிலேயே இல்லை. நீ போனபிறகு, விழித்திருக்கையில் அவ்வளவு நேரம் நான் உன்னை மறந்ததே கிடையாது. பஸ் ஸ்டாப் என்றும் பாராமல் அழுதேன். ஆனால் தப்புச் செய்ததாகத் தோன்றவில்லை. உடம்பு லேசாக இருந்தது. இதைக் கேட்டால் முதலில் கைதட்டுகிறவள் நீதான்.

அடுத்த தாள் வருகிற ஞாயிறு. நான் கேட்காமலே செல்வி காலண்டரில் பேர்களை எழுதிவிட்டாள். அன்றைக்கும் உன்னை மறக்கத்தான் போகிறேனடி.