உருண்டைத் துளைக்கு ஒரு விசைப்பலகை

எழுந்ததும் இதைப் படியுங்கள். களியை மூடி வைத்திருக்கிறேன், கீரைக் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை மறக்க வேண்டாம்.

நான் ஓசூருக்குப் போகிறேன். நம் மகன் கௌதம் வாங்கித் தந்த புதிய கணினியில் பழைய விண்டோஸை ஏற்றாமல் விடுவதாக இல்லை. என் இலக்கண நூலைத் தட்டச்சு செய்த மென்பொருள் அதில் மட்டுமே ஓடும். புதியதில் திறந்தால் பக்கம் முழுவதும் கிறுக்கலாகத் தெரிகிறது.

"புது வண்டியில கெழட்டு மாட்டப் பூட்டறியே, குந்தாரப்பள்ளிச் சந்தையில கூட அத எவனும் சீண்ட மாட்டான்" என்று நேற்று நகைத்தீர்கள். குற்றம் மாட்டினுடையது அன்று. புதிய யூஎஸ்பி துளைகளைப் பழைய விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் ஏற்றும்போது விசைப்பலகை பாதியில் செயலற்றுப் போயிற்று. பெட்டியின் பின்புறம் உருண்டையான துளை ஒன்றும் இருக்கிறது. அதில் பொருந்தும் பழைய விசைப்பலகையோடுதான் திரும்புவேன். அதுவரை எதையும் அணைக்காதீர்கள்.

லட்சுமி

பி.கு.: கணினியின் மேல் 'இதை தொட கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். 'இதைத் தொடக் கூடாது' என்பதே சரி. விடுபட்ட இரண்டு ஒற்றுகளையும் சேர்த்துவிட்டேன். திருத்தியதால் கீழ்ப்படிவேன் என்று எண்ண வேண்டாம்.