திரும்பி நடந்தவர்கள்

மார்ச் 3, திங்கள்

விமானம் பத்தே முக்காலுக்கு வந்தது. ஏறியவர்கள் எட்டுப் பேர்.

கண் டாக்டர் தினமும் கோடு போட்ட நோட்டில் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். கோடு வளைந்து தெரிந்தால் உடனே சொல்ல வேண்டுமாம். இன்று வளையவில்லை. வலது கண் போய் மூன்று வருஷம் ஆகிறது. இடது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி, அதுவும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில்தான். விமானத்தில் ஐம்பது நிமிஷம். பஸ்ஸில் பதினொரு மணி நேரம். மழையில் பாதை சரிந்தால் அதுவும் கிடையாது.

மார்ச் 5, புதன்

விமான நிலையச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். மருமகள் போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

"அத்தை, கம்பெனிக்காரன் நிறுத்தப் போறானாம். ஆளே வரலையாம்."

இந்தத் தடத்தை அரசாங்கம் இந்த ஒரு கம்பெனிக்குத்தான் கொடுத்திருக்கிறது. வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, விட்டே ஆக வேண்டும், நஷ்டத்தை அரசாங்கம் ஈடுகட்டும். ஆனால் ஒரு வருஷச் சராசரி பத்து ஆளுக்குக் கீழே போனால் கம்பெனி விலகிக்கொள்ளலாம். சட்டம் அப்படி. ஆட்சேபணை இருந்தால் அரசாங்கத்தின் விமான ஆணையம் நேரில் வந்து கேட்குமாம்.

ஆள் வரலையாமே! வந்தவங்களைத் திருப்பி அனுப்பினது யாராம்?

மார்ச் 6, வியாழன்

ராத்திரி தூக்கம் இல்லை. ஆத்திரம். எழுதிவிட்டால் ஆறுமா, பார்ப்போம்.

போன செப்டம்பர் பதினெட்டு, புதன்கிழமை. பெரிய ஊரில் அக்கா போய்விட்டாள் என்று காலையில் தகவல் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். அங்கே இருப்பவன் சோடாபுட்டி. கண்ணாடியைப் பார்த்து ஊர் வைத்த பெயர். "சீட் ஃபுல்லும்மா" என்றான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து கொல்லைப்புறம் நின்றேன். எங்கள் கொல்லையும் விமான நிலைய வேலியும் ஒன்றுதான். ஏணியில் ஏறியவர்களை எண்ணினேன். ஒன்பது பேர். பதினெட்டு சீட் விமானம்!

அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்று முதல் எந்த விமானத்தையும் எண்ணாமல் விட்டதில்லை. எதற்கு என்று யோசிக்கவில்லை. அவன்மேல் உள்ள கோபத்துக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஏறியவர்கள் ஒன்பது. தையல்காரர் பெட்டியோடு திரும்பி நடந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

ஊசி போட்டாயிற்று. இந்த முறை சீட் கிடைத்தது. சோடாபுட்டியோடு பேசவில்லை, அடையாள அட்டையை மட்டும் நீட்டினேன்.

விமானம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டு ஊசி தொடர்ந்து தவறினா நான் பொறுப்பில்லைம்மா" என்றார். நல்ல மனுஷன், மழுப்பவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊர் கொடுத்த ஆட்சேபணை மேல் விசாரணை. நகராட்சி ஹாலில் நூறு பேருக்குமேல். ஆணையத்திலிருந்து ஒரு அம்மா, என் மகள் வயது இருக்கும். கம்பெனிக்கு ஒரு வக்கீல். சோடாபுட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் விமானிகள் கையெழுத்துப் போட்ட ஆள் கணக்கை அடுக்கி வைத்தார். சராசரி எட்டுக்குக் கொஞ்சம் மேலே.

என் முறை வந்ததும் செப்டம்பரிலிருந்து தேதி தேதியாகச் சொன்னேன். வக்கீலுக்கு ஒரே சிரிப்பு.

"பாட்டி, ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எப்படி எண்ணினீங்க?"

"பத்துக்குள்ள எண்ண ஒரு கண்ணே ஜாஸ்தி."

ஹால் சிரித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "சரி, நவம்பர் பதினாலு எத்தனை பேர்?"

"அன்னிக்கு வியாழன். விமானமே கிடையாது. கம்பெனி வக்கீலுக்கு அது தெரிய வேண்டாமா?"

மறுபடி சிரிப்பு. ஆனால் அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாட்டி சொன்ன கணக்கும் எங்க கணக்கும் ஒண்ணாத்தான் இருக்கு. எங்க பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

இத்தனை மாதம் நின்று எண்ணி அவனுக்கேவா எடுத்துக் கொடுத்தேன்? மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் நான் உட்காரவில்லை.

"ஏறினவங்களைச் சொன்னேன். திரும்பி நடந்தவங்களை இன்னும் சொல்லலையே."

கவுண்டரிலிருந்து ஊருக்குள் போக எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் யாரும் முன்பதிவு செய்வதில்லை. பையோடு நேரே போய்க் கேட்பதுதான் பழக்கம். இல்லை என்றால் இல்லை, ஒரு தாளிலும் ஏறாது. சொன்னேன். டிசம்பர் இருபது, கணக்கு வாத்தியார் சம்சாரம், கைக்குழந்தையோடு. ஜனவரி எட்டு, மருந்துக்கடைக்காரரும் தம்பியும். மார்ச் பதினாலு, தையல்காரர். சொல்லச் சொல்ல ஹாலில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஆணையத்து அம்மா தாள்களை முதலிலிருந்து பார்த்தார். "ஆறு இருக்கு, எட்டு இருக்கு, ஒன்பது நிறைய இருக்கு. செப்டம்பர்லேர்ந்து ஒரு நாள்கூடப் பத்து இல்லையே, ஏன்?" பார்வை சோடாபுட்டி பக்கம் போயிற்று.

வக்கீல் எழுந்தார். ஆணையத்து அம்மா அவரை உட்காரச் சொன்னார்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "ஒன்பதோட நிறுத்தச் சொல்லி மேலிடத்துல இருந்து வாய்மொழியா வந்துச்சுங்க. போன ஆகஸ்ட்ல. இந்த விமானத்தை வேற தடத்துக்குக் கொண்டுபோகணும்னு."

ஏப்ரல் 23, புதன்

ஏறியவர்கள் பதினேழு.

அவன் உண்மையைச் சொன்னான், சரி. அக்கா போய் ஏழு மாதம் கழித்துச் சொன்னான். இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. மருமகள் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். போன வருஷத்து எண்ணிக்கை செல்லாது. இன்னும் ஒரு வருஷம் இதே கம்பெனிதான் விட வேண்டும். அதற்குப் பிறகும் மாற்றுக் கம்பெனி வராமல் விலக முடியாது. கவுண்டரில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், சீட் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெயரை எழுத. அவர்களுக்கு அடுத்த விமானத்தில் முதல் இடம். சாட்சி சொன்ன ஊழியரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது.

கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். "என்ன அத்தை, பிடிக்கலையா?" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

ஊசிக்குப் போகும் நாள். எனக்கு முன்னால் நீளமான வரிசை. பதினெட்டு சீட்டும் போய்விட்டது. நான் பத்தொன்பது.

சோடாபுட்டி எழுந்து நின்றான். "நிஜமாவே ஃபுல்லும்மா. வேணும்னா உள்ளே வந்து பாருங்க."

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து கேட்டேன். இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது, புதன்கிழமை வாங்க என்றார்கள்.

அவன் புதுப் பதிவேட்டைப் பிரித்தான். முதல் பக்கம், ஒரு பெயரும் இல்லை. என் பெயரை எழுதினான். தேதி, நேரம், காரணம். எழுதி முடித்து, தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

"அன்னிக்கு இந்தப் புத்தகம் இருந்திருந்தா, உங்க பேரு அன்னிக்கே ஏறியிருக்கும்மா."

"அன்னிக்கு சீட்டே இருந்துச்சு."

அவன் பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.