டைகர் தின்ற குளத்து மீன்

12 ஆகஸ்ட் 2014, செவ்வாய், இரவு

எங்கள் நாய் டைகர் தின்றுவிட்டது! குளத்தில் மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்று பெருகிக் கிடக்கும் டேங்க் கிளீனர் மீனைக் காயவைத்து இடித்து, கோதுமை மாவில் பிசைந்து நான் சுட்ட நாய் பிஸ்கட்டைத்தான். நாளை பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்போகிறேன்.

"ஏட்டி, கடல் மீன் திங்கிற கடப்பொறத்து நாயி குளத்து மீன மோந்துகூட பாக்காது" என்று சிரித்தாளே என் வகுப்பு ஜெசி, நாளைக்கும் சிரிக்கட்டும் பார்க்கலாம்.

அப்பாவுக்குத்தான் தெரியக்கூடாது. கடலுக்குப் போகிறவன் வீட்டில் குளத்து மீன் ஏறக்கூடாது என்பார். பார்த்தால் பிஸ்கட்டை டப்பாவோடு தூக்கி எறிவார். அது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

ருசி கண்ட டைகர் கதவைப் பிறாண்டியது.

"மக்கா, அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா."

உள்ளே விட்டுவிட்டேன். குரைக்காமலிருக்க ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும், மாதாவே.