உன் எண்ணுக்குப் போகும் சேதி

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் நம் ஹேச்சரிக்குச் சூடு அளக்கும் புது ரெக்கார்டர் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் புது ஒயரும் கலந்த அந்த வாசம். பழையது வந்த அன்று குனிந்து முகர்ந்து பார்த்து, "புது மாப்பிள்ளையாட்டம் மணக்குதுடா" என்றாய். எதிலும் உனக்கு ஒரு குசும்பு.

முட்டை அடைவைக்கும் அறைகளில் சூடு அளவைத் தாண்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பழையது அலற வேண்டும். அலறியது, ஐயோ, எப்படி அலறியது! முட்டைத் தட்டு ஏற்றக் கதவைத் திறந்து சூடு கொஞ்சம் இறங்கினாலே கூப்பாடு. நம் ஆட்கள் சலித்துப்போய் ஹாரன் வாயில் பழைய துணியைத் திணித்துவிட்டார்கள். நீதான் ஏணி போட்டு ஏறி அதைப் பிடுங்கி எறிந்தாய்.

"அது கத்துறது தப்பில்லடா. எப்பக் கத்தோணும்னு நாமதான் சொல்லிக் குடுக்கல."

கதவைத் திறந்து மூடினால் சூடு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று திரையில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதுவரை பொறுத்து, அப்புறமும் சரியாகாவிட்டால் மட்டும் அலறும்படி வைத்தாய். அதன் பிறகு அது கத்தினால் எல்லோரும் ஓடினோம். முட்டை என்று நீ சொன்னதே இல்லை. உள்ளே இருப்பவை உனக்கு எப்போதும் "குஞ்சுக"தான்.

போன மாசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. பாவி, இப்படியா போவது!

அலாரம் அடித்தால் செல்போனுக்குச் சேதி போகுமே, அந்த வரிசையில் முதல் எண் உன்னுடையது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. உன் வீட்டு அம்மிணி அந்தப் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். சேதி வந்த உடனே என்னைக் கூப்பிடுவாள். "அண்ணா, மூணாம் நம்பர் ரூம்ல சூடு ஏறிருச்சாமுங்க. ஆளு இருக்காங்களா?"

இன்று முதலாளி, "இல்லாதவரு நம்பரு எதுக்குங்க? ஓடி வர்ற ஆளு நம்பரப் போடுங்க" என்றார். நியாயம்தான். உள்ளே உயிர் இருக்கிறது. அம்மிணிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எடுக்கோணும்னா எடுத்துக்கங்கண்ணா. சேதி வந்தா அவரு வேலைக்குப் போயிருக்கறாப்பல இருக்கும், அவ்வளவுதான். ஆனா சூடு ஏறுச்சுன்னு மட்டும் சொல்லிப்போட்டு விட்டுருது பாருங்க. சரியாச்சோ இல்லியோன்னு தெரியற வரைக்கும் சோறு திங்க முடியறதில்லீங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு அழுதேன், மாப்பிள்ளை. வெட்கமில்லாமல் அழுதேன்.

புதியதில் ஷிப்டு ஆட்களின் எண்களை முதலில் போட்டேன். உன்னுடையதைக் கடைசியில் போட்டேன். சூடு மீறினால் அந்த எண்ணுக்கு இனி ஒன்றும் போகாது. மீறிய சூடு அளவுக்குத் திரும்பினால் மட்டும் போகும். சோதித்துப் பார்க்க சென்சரை வெந்நீரில் முக்கினேன். ஹாரன் அலறியது, ஆட்கள் ஓடி வந்தார்கள். உன் வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. வெளியே எடுத்து ஆறவிட்டேன்.

சூடு அளவுக்குத் திரும்பியதும் என் போன் அடித்தது.

"அண்ணா, எல்லாஞ் சரியாயிருச்சாமுங்க. போய்ச் சாப்புடுங்க."