அடோங்கோவின் மண்ணீரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் மகள் அடோங்கோ பள்ளிக்குப் போகவில்லை. காலையில் அவள் உதடு வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தபடி இடது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். நேற்று ஒரு விரல் அகலம் இருந்த மண்ணீரல் இன்று நாலு விரல், கல் மாதிரி. மோட்டார் சைக்கிள் பிடித்துக் கிசுமு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் ஏற்றுகிறார்கள்.

மார்ச் 5

டாக்டர் நெகேசா உட்காரவைத்துப் பேசினார். "இவளோட ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு மண்ணீரலை அடைச்சுக்குது. உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் அங்கேயே தேங்கிடுது. நவம்பர்ல ஒரு தடவை, இப்ப ரெண்டாவது. மூணாவதுக்குக் காத்திருக்க வேண்டாம், அடோங்கோ அம்மா. எடுத்துடலாம்."

என் இரட்டைப் பெண்களில் மூத்தவள் அபியோ இப்படித்தான் போனாள். போன ஜூலை. மலேரியா என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா நான்—

மார்ச் 7

மாமியார் பார்க்க வந்தார். "எங்க பக்கத்துல யாருக்கும் இந்த நோய் கிடையாது" என்றார், குழந்தையின் தலைமாட்டில் நின்றுகொண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் இது வரும் என்று டாக்டர் என் கணவர் ஓலுவோச்சிடமும்தான் சொன்னார். ஓலுவோச் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 9

அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார் ஓலுவோச்.

"ஒருத்தியை மண்ணுல வெச்சாச்சு. இன்னொருத்தியை நானே கத்திக்குக் குடுக்கணுமா?"

"குடுக்கலேன்னா?"

எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 10

ஜெபம் வரவில்லை.

மார்ச் 12

மண்ணீரலை எடுத்துவிட்டால் சாதாரணக் காய்ச்சல்கூட இவளுக்கு ஆபத்தாம். தினமும் பென்சிலின் தரவேண்டும், பல வருஷம். எடுத்தாலும் பயம், விட்டாலும் பயம். எதற்குப் பெற்றேன் இவர்களை?

மார்ச் 13

ஓலுவோச்சின் கையைப் பிடித்து அவள் வயிற்றின் மேல் வைத்தேன். இதுவரை அவர் தொட்டதே இல்லை. விரல்கள் மண்ணீரலைத் தேடிக் கண்டுபிடித்து அப்படியே நின்றன. அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

"பேனா குடு" என்றார்.

இன்றே தடுப்பூசிகள் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அறுவை.

மார்ச் 28

ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். பன்னிரண்டுக்கு வெளியே வந்தாள். மூச்சு இருக்கிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 19

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். காலை மாலை மாத்திரையை ஓலுவோச்தான் கொடுக்கிறார், என்னிடம்கூட விடுவதில்லை. உதடு சிவந்துவிட்டது. மதியம் உகாலிக் களியும் மீனும் தானே பிசைந்து சாப்பிட்டாள். நடுவில் சட்டையைத் தூக்கித் தழும்பைத் தடவினாள்.

"அம்மா, அபியோவுக்கு ஏன் இதை எடுக்கல?"

"எனக்கு அப்போ தெரியலடி."

"டாக்டருக்குத் தெரியுமே."

"நான் அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல."

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு துண்டு மீன் கேட்டாள். என் தட்டில் இருந்ததை அவளுக்கு வைத்தேன்.