உயிரோடு இருந்தவருக்கு எழுதிய இரங்கல்

அன்பு மிகுந்த அப்பா,

இவ்விடம் நலமில்லை. அவ்விடத்து நலத்தைக் கேட்டு எழுத வழியில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து நான் ஏறி வந்த வண்டி இந்த ஊர் வரைக்கும்தான். திண்டிவனம் போகும் பாசஞ்சருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதாம். சட்டைப் பையில் ஏழுமலை அடித்த தந்தி இருக்கிறது. 'அம்மா சீரியஸ். உடனே புறப்படு.' தம்பியிடமிருந்து எனக்கு வந்த இரண்டாவது தந்தி இது. முதலாவது உங்களுக்காக வந்தது.

அந்த முதல் தந்தியின் கதையில் பாதி உங்களுக்குத் தெரியும். மறு பாதியை ஒன்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஊரிலிருந்து தந்தி வந்தால் எல்லோருக்கும் படித்துச் சொல்பவன் நான்தான். கிராணி, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் வந்ததை எழுதும் குமாஸ்தா. தந்தியில் 'சீரியஸ்' என்று இருந்தால் ஆள் போய்விட்டார் என்று பொருள். கடல் தாண்டி இருப்பவன் திடுக்கிடக் கூடாது என்று ஊரில் அப்படிப் போடுவார்கள். இந்த அகராதியை எத்தனையோ பேருக்கு நானே விளக்கி, தோளைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன். என் பெயருக்கு 'அப்பா சீரியஸ்' என்று வந்தபோது எனக்கு விளக்க ஆள் தேவைப்படவில்லை.

துரையிடம் லீவு கேட்டேன். உடம்பு சரியில்லையா, இறந்துவிட்டாரா என்றார். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அவசரமில்லை என்று மாதக் கடைசியில் கொடுத்தார். அவர் தர்க்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் நாள் பினாங்கிலிருந்து ஒரு கப்பல் கிளம்பியது. நான் ஏறவில்லை.

தலையை மழித்துக்கொண்டு அங்கே ஓர் ஆற்றங்கரையில் உங்களுக்குப் பிண்டம் வைத்தேன். காக்கை தொடவில்லை. அந்த ஊர்க் காக்கைக்கு நம் பழக்கம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். அங்கிருந்தவர்களில் விஷயம் தெரிந்தது காக்கைக்கு மட்டும்தான்.

பிறகு அம்மாவுக்கு ஓர் இரங்கல் கடிதம் எழுதினேன். நான் படித்த புத்தகங்களெல்லாம் அன்றைக்குத்தான் பயன்பட்டன. 'தன் பசியை மறைத்து எங்கள் பசியைத் தீர்த்தவர்' என்று எழுதினேன். 'பேசாமலே அன்பு செலுத்தியவர்' என்று எழுதினேன். நன்றாக வந்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். நான் கப்பலுக்குக் காத்திருந்தேன், கடிதத்தை விமானத்தில் அனுப்பினேன்.

அது வந்து சேர்ந்த அன்று நீங்கள் கட்டிலில் சாய்ந்தபடி கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஊருக்கு வந்தது நீங்கள் போன ஆறாம் நாள். முதல் கப்பலில் வந்திருந்தால் உங்களோடு பத்து நாள் இருந்திருப்பேன். எல்லாவற்றையும் ஏழுமலைதான் கொல்லையில் வைத்துச் சொன்னான்.

"நீ நெசமாவே சீரியஸ்னுதான் போட்டியா?" என்றேன்.

"பின்ன இன்னான்னு போடறது? செத்திருந்தா செத்துட்டாருன்னு போட மாட்டனா?"

"அப்படி யாரும் போடறதில்லையேடா."

"அத்த எனக்கு யாருண்ணா சொன்னாங்க?"

இந்த ஜில்லாவிலேயே தந்தியில் உண்மையை எழுதிய ஒரே ஆள் என் தம்பி.

கடிதம் வந்ததும் அம்மாதான், "சத்தமா படிடா, அவரு காதுலயும் வுழட்டும்" என்றாளாம். அவன் பிரித்து, 'அப்பா நம்மை விட்டுப் பிரிந்த துயரம்' வரைக்கும் படித்துவிட்டான். அங்கே கடிதத்தை மடித்துவிட்டான்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டே? படி. என்ன பத்தி இன்னா எழுதிக்கிறான்னு கேப்போம்" என்றீர்களாம்.

கடைசி வரி வரை கேட்டீர்களாம். கேட்டுவிட்டு, "இம்மாம் நல்லவனா நானு? உசுரோட இருக்கசொல்ல ஒரு கடுதாசில கூட எழுதலியே" என்றீர்களாம்.

"சிரிச்சிக்கினேதாண்ணா சொன்னாரு" என்றான் ஏழுமலை. என் தம்பி இரக்கமுள்ளவன். இரக்கமுள்ளவர்கள் சொல்லும் சாட்சியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதுவரை தினமும் திண்டிவனத்துக்கு வண்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதற்குப் பிறகு கேட்கவில்லை என்பதையும் அவனே வாய் தவறிச் சொன்னான்.

சிரித்தீர்களா, அப்பா?

அப்போது பக்கத்தில் இருந்த இன்னொரு ஆள் அம்மா. அவளுக்குத் தெரியும். இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்தேன். தடுப்பூசிச் சீட்டு, சுங்கச் சோதனை, என்னைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்க்கும் உறவுக்காரர்கள், வந்த அன்றைக்கே எண்ணத் தொடங்கும் திரும்பும் நாள். இதற்கு நடுவில் கேட்க நேரமில்லை என்று சொல்லலாம். நேரம் இருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாப்பா அப்படிப் பாக்கறே" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

இந்தத் தடவை துரை அதே கேள்வியைக் கேட்டார். தெரியாது என்றேன். கிடைத்த முதல் கப்பலில் ஏறினேன். மேல்தட்டில் ஏழு நாள், ஜமுக்காளத்தில் படுத்து, 'சீரியஸ்' என்றால் சீரியஸ்தான் என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டு வந்தேன். தந்தி அடித்தவன் ஏழுமலை. அவன் உண்மையைத்தான் எழுதுவான். ஆனால் போன தடவை அந்த உண்மையால் பட்ட பாட்டுக்குப் பிறகு, அவனும் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தால்?

நாகப்பட்டினத்தில் சுங்க அதிகாரி எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு சீரியஸ் என்றேன். பெட்டியைத் திறக்கச் சொல்லாமலே அதன்மேல் சாக்கட்டியால் குறி போட்டார்.

"எப்பங்க தவறினாங்க?"

"தவறலிங்க. சீரியஸ்."

"ஆமாங்க" என்று பரிவோடு தலையை ஆட்டினார்.

இங்கே இறங்கியதும் தனகோட்டி மாமாவைப் பார்த்தேன். நம் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர், மல்லாட்டை மூட்டை போட விழுப்புரம் வந்தவர். எப்போதும் என்னைத் தூரத்தில் கண்டதுமே, "வாய்யா மலாயாக்காரா, வா" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார். இன்று பக்கத்தில் வந்து பேசாமல் பெட்டியைத் தூக்கினார்.

"இந்த வண்டிலயா வந்தே?"

"ஆமா மாமா."

"துன்னியா எதுனா?"

"கப்பல்ல சாப்ட்டேன்."

"கப்பல்ல துன்னது இன்னுமா வவுத்துல கீது? இரு, டீ வாங்கியாறேன். பொட்டிய பாத்துக்கினு இரு."

சாவுக்கு வருகிறவனை நம் பக்கத்தில் யாரும் 'வா' என்று சொல்லமாட்டார்கள். உங்களுக்காக வந்தபோது ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. மாமா மறந்திருக்கலாம். அவருக்கும் வயதாகிவிட்டது. வெயில் வேறு.

நான் அவரைக் கேட்கவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே போய்விட்டதாக எழுதியவன், அம்மா விஷயத்தில் எதையும் தெரிந்துகொள்ளாமல் பெட்டிமேல் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அவசரப்பட்டேன், அம்மாவுக்குத் தயங்குகிறேன். இரண்டுக்கும் நடுவில் பிள்ளையாக இருக்க எனக்கு எப்போது நேரம் வாய்த்தது?

மாமா இரண்டு கையிலும் டம்ளரோடு வருகிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ சிந்தாமல் இருப்பதையே பார்த்துக்கொண்டு வருகிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வண்டி வரும்வரை தள்ளிப்போடமாட்டேன். டம்ளரைக் கையில் வாங்கியதும், எந்தச் சுற்றும் இல்லாமல், "மாமா, எங்கம்மா செத்துப்பூட்டாளா" என்று அந்தச் சொல்லாலேயே கேட்பேன். நம் குடும்பத்தில் யாராவது ஒருவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் 'இல்லை' என்று சொன்னால் இன்று சாயங்காலமே அம்மாவிடம் கேட்டுவிடுவேன். ஆமாம் என்றால், நீங்கள் சிரித்தீர்களா என்பது இனி உங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கப்பல் தள்ளி வந்த
உங்கள் மூத்த பிள்ளை